வெண்ணெய்ப்பழமும் நம் அடுக்களையும்

நுழையுமுன்

வெண்ணெய்ப்பழம் இன்று இந்திய நகரங்களின் பழக்கடைகள் பலவற்றில் காணப்படுகிறது. ஆவலோடு வாங்கிச் சென்றவர்களுள் சிலர், "கல்லைப்போல் இருக்கிறது", "இனிப்பே இல்லை", "சமைத்தால் கசக்கிறது", "அறுத்தவுடன் கறுத்துவிட்டது" என்று கூறி அதனை ஒதுக்கிவிடுகின்றனர். விலை கொடுத்து வாங்கிய பழம் குப்பைக்குச் செல்கிறது. இவை பழத்தின் குறைகள் அல்ல. அதன் இயல்பை நாம் அறியாமையால் நேர்பவை. அவ்வியல்பையும், அப்பழத்தை அன்றாட உணவில் சேர்க்கும் முறையையும் இப்பாடத்தில் அறிந்துகொள்வோம்.

பிறப்பிடமும் பெயர்களும்

மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் வெண்ணெய்ப்பழத்தின் தாயகம் ஆகும். அங்கு வழங்கும் பழமையான நாவாட்டில் மொழியில் இதற்கு 'ஆவாகட்ல்' என்று பெயர். அச்சொல்லே ஸ்பானிய மொழியின் வழியாகத் திரிந்து, ஆங்கிலத்தில் 'அவகாடோ' ஆயிற்று. இதன் சதை வெண்ணெய்போல் குழைவாக இருப்பதால், தமிழில் 'வெண்ணெய்ப்பழம்' என்கிறோம். 'ஆனைக்கொய்யா' என்னும் பெயரும் தமிழில் உண்டு. பெங்களூருவில் இதனைப் 'பட்டர் ஃபுரூட்' என்றும் அழைக்கின்றனர்.

தாவரவியல் முறைப்படி, இலவங்கப்பட்டை மரமும் வெண்ணெய்ப்பழ மரமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. எனவே, இப்பழத்தின் உறவு ஒன்று நம் அடுக்களையில் முன்பே இடம்பெற்றுள்ளது எனலாம்.

இந்தியாவில் கீழ்ப்பழனி மலை, நீலகிரி, குடகு, வயநாடு, சிக்கிம் ஆகிய பகுதிகளில் இது விளைகிறது. தென்னிந்திய மலைகளில் காப்பிச் செடிகளுக்கு இடையே இம்மரத்தை வளர்க்கின்றனர். கீழ்ப்பழனி மலையில் தடியன்குடிசை என்னும் ஊரிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், 'டி.கே.டி. 1' என்னும் வகையை உருவாக்கியுள்ளது.

மூன்று இயல்புகள்

முதலாவது, இப்பழம் மரத்தில் பழுப்பதில்லை. மரத்தில் முற்றும், பறித்த பின்னரே கனியும். ஆதலால், கடையில் கிடைக்கும் காய் கல்லைப்போல் இருப்பது இயல்பே. அதனை அறை வெப்பத்தில் சில நாள்கள் வைத்திருக்க வேண்டும். விரைவில் கனிய வேண்டுமாயின், வாழைப்பழத்துடன் சேர்த்துத் தாளில் பொதிந்து வைக்கலாம். பழங்கள் வெளியிடும் எத்திலீன் என்னும் வளி, கனிதலைத் தூண்டுகிறது. பொதி அந்த வளியை வெளியேறவிடாமல் காக்கிறது. நம் பாட்டிமார் மாங்காயை அரிசிப் பானைக்குள் புதைத்துப் பழுக்கவைத்ததும் இம்முறையே ஆகும்.

கனிந்ததா என்பதை நிறத்தால் மட்டும் அறிய இயலாது. 'ஹாஸ்' என்னும் வகையின் தோல் கனியும்போது கறுக்கும். வேறு பல வகைகள் கனிந்த பின்னும் பச்சையாகவே இருக்கும். உள்ளங்கையில் வைத்து மெல்ல அழுத்தினால் சற்றே இணங்க வேண்டும். காயைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் அது சரியாகக் கனியாது. கனிந்த பின் வைத்தால் இரண்டு, மூன்று நாள்கள் கெடாமல் இருக்கும்.

இரண்டாவது, இது சர்க்கரை மிகுந்த பழமன்று. கொழுப்பு மிகுந்த பழம். 100 கிராம் சதையில் ஏறத்தாழ 15 கிராம் கொழுப்பும் 7 கிராம் நார்ச்சத்தும் உள்ளன. சர்க்கரை 1 கிராம் அளவுகூட இல்லை. எனவே, மாம்பழத்தைப்போல் இனிக்கும் என்று எதிர்பார்த்து உண்பவர் ஏமாற்றம் அடைவர். இதனை வெண்ணெய், எண்ணெய், தேங்காய் ஆகியவற்றின் வரிசையில் வைத்து எண்ண வேண்டும். அவற்றுக்கு மாற்றாக இதனைப் பயன்படுத்தலாம்; அவற்றோடு மிகுதியாகச் சேர்த்தால் உணவில் கொழுப்பு கூடிவிடும்.

மூன்றாவது, காற்றும் வெப்பமும் இதற்கு ஒவ்வா. அறுத்த கத்தரிக்காய் கறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். பழத்திலுள்ள நொதி ஒன்று காற்றிலுள்ள ஆக்சிசனோடு சேர்ந்து வினைபுரிவதே அதற்குக் காரணம். எலுமிச்சைச் சாறு அந்நொதியின் வேகத்தைக் குறைக்கும். வெண்ணெய்ப்பழத்தை நெடுநேரம் கொதிக்கவைத்தால் கசப்பு உண்டாகும். ஆகவே, அடுப்பிலிருந்து இறக்கிய உணவில் இதனைச் சேர்ப்பதே நன்று.

அன்றாட உணவில்

மெக்சிகோ மக்கள் இதனை விருந்துக்கு மட்டும் உரியதாகக் கருதுவதில்லை. சோள மாவினால் செய்த மெல்லிய அப்பத்தில் இதனை வைத்து, உப்புத் தூவி எளிய உணவாக உண்கின்றனர். பச்சைமிளகாய், வெங்காயம், கொத்தமல்லித்தழை, உப்பு ஆகியவற்றோடு கல்லுரலில் மசித்து 'குவாக்கமோலே' செய்கின்றனர். இப்பொருள்களைச் சற்று நோக்குங்கள். இவை அனைத்தும் நம் துவையலுக்கும் பச்சடிக்கும் உரியவை அல்லவா? எனவே, நம் அடுக்களையிலும் இதற்கு எளிதில் இடமளிக்கலாம்.

தயிர்ப் பச்சடி: கனிந்த பழத்தில் பாதியை மசித்து, ஒரு கிண்ணம் தயிர், நறுக்கிய பச்சைமிளகாய், உப்பு ஆகியவற்றைக் கலக்க வேண்டும். கடுகு, கறிவேப்பிலை தாளித்து, ஆறிய பின் சேர்க்க வேண்டும். தேங்காய் கிடைக்காத நாளில் தோசைக்கு இது நல்ல துணையாகும்.

சப்பாத்தி: நடுத்தர அளவுள்ள ஒரு பழத்தைக் கட்டியில்லாமல் மசித்து, ஒரு கரண்டி எலுமிச்சைச் சாறு, உப்பு, சீரகத்தூள் சேர்க்க வேண்டும். அதனுடன் இரண்டு குவளை கோதுமை மாவைக் கலந்து, முதலில் தண்ணீர் இல்லாமலே பிசைய வேண்டும். தேவைப்பட்டால் மட்டும் சிறிது தண்ணீர் தெளிக்கலாம். மாவில் எண்ணெய் விட வேண்டியதில்லை. பழமே அப்பணியைச் செய்யும். சப்பாத்தி சிறிது நேரமே கல்லில் கிடப்பதால் கசக்காது. மதிய உணவு வேளையிலும் மென்மையாக இருக்கும்.

பால் பானம்: பழத்தில் பாதி, ஒரு குவளை குளிர்ந்த பால், சிறிது வெல்லத்தூள் ஆகியவற்றை அரைத்து உடனே அருந்தலாம்.

இதன் கொட்டை உண்ணத்தக்கதன்று. பழத்தை அறுக்கும்போது கையில் பிடித்து அறுக்காமல், பலகைமேல் வைத்துப் பெரியவர் துணையுடன் அறுக்க வேண்டும். கிளி முதலிய வளர்ப்புப் பறவைகளுக்கு இப்பழம் நஞ்சாகும். அவற்றுக்குக் கொடுத்தல் கூடாது.

எண்ணிப் பார்ப்போம்

விலை மிகுந்தது என்பதால் ஓர் உணவு உயர்ந்தது ஆகிவிடாது. நிலக்கடலையும் தேங்காயும் எள்ளும் நமக்கு வேண்டிய கொழுப்பைத் தருகின்றன. வெண்ணெய்ப்பழம் இல்லாமையால் எவர் உணவும் குறைபடாது. ஆனால், அது கிடைக்கும்போது வீணாக்காமல் பயன்படுத்த அறிந்திருத்தல் வேண்டும்.

மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியவையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து, ஐரோப்பியர் வருகைக்குப் பின்னரே இந்தியாவுக்கு வந்தவை. இன்று அவை இல்லாத தமிழர் அடுக்களையைக் காண்பது அரிது. வந்த பொருளின் இயல்பை அறிந்து, தம் கைப்பக்குவத்துக்கு அதனைப் பழக்கியவர்கள் நம் முன்னோர். ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் வீடுகளிலும் அப்பணி நாள்தோறும் நடைபெறுகிறது. சந்தையில் கிடைக்கும் பொருள் மாறலாம். கடுகும் கறிவேப்பிலையும் தாளிக்கும் மணம் மாறுவதில்லை.

சொற்பொருள்

அடுக்களை – சமையலறை
இயல்பு – தன்மை
வளி – வாயு
நொதி – உயிர்களின் உடலில் வேதிவினையை விரைவுபடுத்தும் பொருள்
ஒவ்வா – பொருந்தா

சிந்தித்து விடையளிக்க

1. வெண்ணெய்ப்பழத்தை ஏன் வெண்ணெய், எண்ணெய் ஆகியவற்றின் வரிசையில் வைத்து எண்ண வேண்டும்?
2. அரிசிப் பானையில் மாங்காய் பழுப்பதற்கும், தாள்பொதியில் வெண்ணெய்ப்பழம் கனிவதற்கும் உள்ள ஒற்றுமை யாது?
3. நீங்கள் வாழும் ஊருக்கு வந்தபின் உங்கள் வீட்டுச் சமையலில் புதிதாகச் சேர்ந்த பொருள் எது? அதனை எவ்வாறு சமைக்கிறீர்கள் என்பதை வீட்டுப் பெரியவரிடம் கேட்டு, ஐந்து தொடர்களில் எழுதுக.