தலையாட்டும் முன் ஒரு நாள் அவகாசம்!

திருநெல்வேலியில், ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை பார்க்கிறேன். 2020ல், ஊரடங்கு தளர்ந்து கடை திறந்ததும், முதலாளி எங்களைக் கூப்பிட்டு, 'யாவாரமே இல்லம்மா... யாரையும் நிறுத்த மனசில்ல. பாதிச் சம்பளத்துக்கு ஒத்துக்கிடணும்' என்று, ஒரு தாளை நீட்டினார்.

என் கணவருக்கும் அப்போது வேலை இல்லை. இருந்தாலும், கையெழுத்து போட, ஒரு நாள் அவகாசம் கேட்டேன். மில் தொழிற்சங்கத்தில் இருந்த என் பெரியப்பாவிடம், யோசனை கேட்டேன்.

மறுநாள், 'அண்ணாச்சி... உங்க கஷ்டம் புரியுது. சம்பளம் பாதின்னா, நேரத்தையும் பாதியாக்குங்க. எத்தனை மாசத்துக்குன்னும், அப்புறம் பழைய சம்பளம்னும் எழுதிக் கொடுங்க' என்றேன். முகம் சுருங்கினாலும், நான்கு மாதம் என்று எழுதிக் கொடுத்தார். மதியத்துக்கு மேல், வீட்டில் ஜாக்கெட் தைத்து, பால், மளிகைச் செலவை சமாளித்தேன். ஐந்தாம் மாதம், முழுச் சம்பளம் வந்து விட்டது.

என்னோடு இருந்த அக்கா ஒருவர், படிக்காமலே கையெழுத்து போட்டார். முழு நாளும் நின்று, பாதிச் சம்பளமே வாங்கினார். மறு ஆண்டு, மூட்டு வலியால் நின்றபோது, 14 ஆண்டு உழைப்புக்கான பணிக்கொடையும் பாதியாகி விட்டது. கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்துத்தானே, அதைக் கணக்கிடுகின்றனர்!

தோழியரே... முதலாளியின் கஷ்டத்தில் பங்கெடுப்பது தப்பில்லை. ஆனால், எவ்வளவு, எதுவரை என்பதை, எழுத்தில் வாங்கிக் கொள்ளுங்கள்!

— ஒரு வாசகி, திருநெல்வேலி.