புரொசசருக்கு முன்னால் பிளக் பொயின்ட்

வீட்டுக்கு ஒரு கணினி கட்டலாம் என்று முடிவெடுத்தவுடன் பிறக்கும் முதல் கேள்வி, “எந்த புரொசசர் போடலாம்?” என்பதுதான். கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கடை கடையாக ஏறி இறங்குபவரும் சரி, கண்டியில் தெரிந்த கடையொன்றில் விலைப்பட்டியல் கேட்பவரும் சரி, அங்கிருந்தே தொடங்குகிறார்கள். மிச்சமிருக்கும் காசுக்கு ஏற்றபடி பட்டியலின் அடியில் பவர் சப்ளை வந்து சேர்கிறது. சுவரிலுள்ள பிளக் பொயின்ட் பட்டியலிலேயே இல்லை. எல்கடுவ போன்ற மலையூரில் இந்தப் பட்டியலை அடியிலிருந்து மேலாக எழுத வேண்டும்.

கண்டியிலிருந்து வத்தேகம வழியாக ஏறினால், நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குப் புறத்தில், மாத்தளை மாவட்டத்துக்குள் இருக்கிறது எல்கடுவ. தேயிலையும் மிளகும் ஏலமும் விளையும் பூமி. அருகில் ஹுன்னஸ் நீர்வீழ்ச்சி. மலைக்குக் கீழே உக்குவளையில் ஒரு நீர்மின் நிலையம் 1976 முதல் இயங்குகிறது. பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சுரங்கத்தால் கொண்டுவரப்படும் நீர் அங்கே விசையாழிகளைச் சுழற்றுகிறது. மின்சாரம் பிறக்கும் இடம் பக்கத்தில் இருப்பதால் வீட்டுக்கு வரும் மின்சாரமும் சீராக இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. அது தேசிய வலையமைப்புக்குள் போய், ட்ரான்ஸ்ஃபோர்மருக்கு வந்து, மரக்கிளைகளுக்கு இடையே நீண்ட கம்பிகளில் ஏறித்தான் கடைசி வீட்டை அடைகிறது.

அந்த நீளத்தில்தான் சிக்கல். கம்பிக்குத் தடை உண்டு. தடையுள்ள கம்பியில் எவ்வளவு மின்னோட்டம் பாய்கிறதோ அவ்வளவு வோல்ட் வழியிலேயே வீழ்ந்துவிடும். தோட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் கடைசி லயத்துக்குத் தண்ணீர் நூலாக வருவதைப் போலத்தான் இதுவும். மாலை ஆறரை மணிக்கு மேல், சமையலும் தொலைக்காட்சியும் பிள்ளைகளின் படிப்பும் ஒன்றுசேரும் நேரத்தில், 230 வோல்ட் என்று பெயரளவில் வருவது அதற்குக் கீழே இறங்குகிறது. கணினியை அதிகம் பயன்படுத்துவதும் அந்நேரத்தில்தான்.

லேபிளைப் படியுங்கள்

இந்த ஏற்ற இறக்கத்தை முதலில் எதிர்கொள்வது பவர் சப்ளை. 230 வோல்ட் ஆடலோட்டத்தை அது முதலில் ஏறத்தாழ 325 வோல்ட் நேரோட்டமாக மாற்றுகிறது. பிறகு அதைச் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை துண்டு துண்டாக வெட்டி, ஒரு சிறு ட்ரான்ஸ்ஃபோர்மர் வழியே 12 வோல்ட்டாகக் குறைக்கிறது. தரமான பவர் சப்ளைகளில் உள்ளே வரும் மின்னோட்டத்தைச் சீர்செய்யும் சுற்றொன்று முன்வரிசையில் நிற்கும். அத்தகையவற்றின் லேபிளில் “100–240 வோல்ட்” என்று இருக்கும். மாலையில் வோல்ட் 190க்கு இறங்கினாலும் அவற்றுக்குக் கவலையில்லை. முதுகில் 115, 230 என்று சிவப்புச் சுவிட்ச் வைத்த மலிவான பெட்டிகளுக்கு அந்தத் தாராளம் இல்லை. அந்தச் சுவிட்சைத் தவறுதலாக 115இல் வைத்து இயக்கினால் பெட்டி வெடித்துக் கருகும்.

கடையிலேயே பெட்டியைத் திருப்பிப் பக்கவாட்டு லேபிளைப் படியுங்கள். மேலே பெரிய எழுத்தில் “500 வாட்” என்று இருக்கலாம். அதை நம்ப வேண்டாம். +12 வோல்ட் வரியில் எத்தனை அம்பியர் என்று பாருங்கள். 20 அம்பியர் என்றால் 12ஐ 20ஆல் பெருக்குங்கள்: வருவது 240 வாட். இன்றைய கணினியில் புரொசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் பெருமளவு 12 வோல்ட்டிலிருந்தே மின்சாரம் எடுப்பதால், அந்தப் பெட்டியின் உண்மையான வலிமை அதுதான். இன்னொரு அடையாளம் 80 பிளஸ் சான்று. 2004இல் தொடங்கிய இத்திட்டத்தின் பிரொன்ஸ் தரம் பெற்ற பவர் சப்ளை, பாதிச் சுமையில் சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் 85 வீதத்தைக் கணினிக்குக் கொடுக்கும். எஞ்சிய 15 வீதம் வெப்பமாகப் போகும்.

பவர் சப்ளைக்குள் இருக்கும் பெரிய கொள்ளளவி இன்னொரு வேலையும் செய்கிறது. மின்சாரம் நின்ற பிறகும் ஏறத்தாழ 16 மில்லிசெக்கன் வரை அது கணினியைத் தாங்கும். சாதாரண யூபிஎஸ் பற்றரிக்கு மாற 10 மில்லிசெக்கன் வரை எடுக்கும். அந்த இடைவெளிக்குள் கொள்ளளவி தாக்குப்பிடிக்க வேண்டும். மலிவான பெட்டியில் சிறிய கொள்ளளவி வைத்திருந்தால், யூபிஎஸ் இருந்தும் கரண்ட் போகும்போது கணினி மறுபடி தொடங்கும். யூபிஎஸ் பழுது என்று நினைத்துப் புதிதாக வாங்குகிறார்கள். குற்றவாளி பெரும்பாலும் அடுத்த பெட்டிக்குள் இருக்கிறது.

விரல் நுனியில் சுரீர்

பழைய லயன் வீடுகள் பலவற்றில், எர்த் எனப்படும் புவித்தொடுப்பு ஒழுங்காக இல்லாத பிளக் பொயின்டுகளைக் காணலாம். மூன்றாவது துளை இருக்கும். அதன் பின்னால் பச்சைக் கம்பி இருக்காது. அப்படிப்பட்ட வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் உலோகப் பெட்டியைத் தொட்டால் விரலில் மெல்லிய சுரீர் ஒன்று தெரியும். கணினி பழுதாகிவிட்டது என்று பயப்படுவார்கள்.

உண்மையில் நடப்பது இது. மின் இரைச்சலை வடிகட்டுவதற்காகப் பவர் சப்ளையின் வாசலில் இரண்டு சிறு கொள்ளளவிகள் இருக்கும். ஒன்று உயிர்க்கம்பியிலிருந்து பெட்டிக்கு. மற்றது நியூட்ரலிலிருந்து பெட்டிக்கு. எர்த் இருந்தால் அவற்றின் சிறு கசிவு மண்ணுக்குள் போய்விடும். இல்லாவிட்டால் பெட்டி 230க்கும் சுழியத்துக்கும் நடுவே, ஏறத்தாழ 115 வோல்ட்டில் மிதக்கும். பாயும் மின்னோட்டம் ஒரு மில்லியம்பியருக்கும் குறைவு என்பதால் உயிராபத்து இல்லை. ஆனால் பவர் சப்ளைக்குள் காப்பு கெட்டு உயிர்க்கம்பி நேரே பெட்டியில் பட்டால், அந்தச் சுரீர் கொல்லும் ஷொக்காக மாறும். காக்க எர்த் இருக்காது. 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச் உயிரைக் காக்க உதவும்; ஆனால் எர்த் இல்லாத வீட்டில் யாராவது தொட்ட பின்னரே அது விழும்.

மின்னலுக்கும் இதே கதைதான். மார்ச், ஏப்ரல் மாதங்களும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களும் இலங்கையின் இடைப்பருவ காலங்கள். காலையில் வெயில், பின்னேரம் இடிமழை என்பது அப்போது மலைநாட்டின் வழமை. மின்னல் எங்கோ கம்பியில் விழுந்தாலும் அதன் அலை வீடு வரை வரும். அலைத்தடுப்புப் பலகைக்குள் இருக்கும் உலோக ஒட்சைட் வில்லை, வோல்ட் எல்லை மீறும்போது பாதை திறந்து மிகையை எர்த்துக்கு வடிக்கும். எர்த் இல்லாத இடத்தில் அந்தப் பாதை பாதியில் முடிகிறது. இடி கேட்டவுடன் பிளக்கைக் கழற்றுவதே நிச்சயமான காப்பு. ரௌட்டரையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். வெளியிலிருந்து செப்புக்கம்பி வழியாக இணையம் வரும் வீட்டில் அந்தக் கம்பியும் மின்னலுக்கு ஒரு வாசல்.

இருபது நிமிடத்தின் விலை

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் குரங்கொன்று புகுந்ததால் நாடு முழுவதும் இருண்டது. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டையும் பார்த்தோம். யூபிஎஸ் தேவையா என்ற கேள்விக்கு இனிப் பதில் தேவையில்லை. அதனிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதே கேள்வி.

650 விஏ என்று விற்கப்படும் சாதாரண யூபிஎஸ்ஸுக்குள் பெரும்பாலும் 12 வோல்ட், 7 அம்பியர்-மணி ஈய அமிலப் பற்றரி ஒன்று இருக்கும். பெருக்கினால் 84 வாட்-மணி. 90 வாட் எடுக்கும் கணினியை அது முக்கால் மணிநேரத்துக்கு மேல் தாங்கும் என்று கணக்கு சொல்லும். ஆனால் அந்த 7 அம்பியர்-மணி, 20 மணிநேரம் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் அளவு. வேகமாக உறிஞ்சினால் பாதிதான் கிடைக்கும். புதிய பற்றரியில் 15 முதல் 20 நிமிடம். இரண்டு மூன்று வருடத்தில் அதுவும் தேயும். எழுதியதைச் சேமித்து, கணினியை ஒழுங்காக அணைக்கத்தான் அந்த நேரம். பற்றரியை அடிவரை வற்றவிடுவதே அதன் ஆயுளைக் குறைக்கும்.

சேமிப்பது ஏன் இவ்வளவு முக்கியம்? ஐபிஎம் நிறுவனத்தின் ரொபர்ட் டெனார்ட் 1968இல் காப்புரிமை பெற்ற டைனமிக் ராம், ஒவ்வொரு பிட்டையும் ஒரு ட்ரான்சிஸ்டரிலும் ஒரு நுண்ணிய கொள்ளளவியிலும் வைக்கிறது. கொள்ளளவியில் உள்ள மின்னேற்றம் தானாகக் கசிந்துவிடும். அதனால் கணினி 64 மில்லிசெக்கனுக்குள் ஒவ்வொரு பிட்டையும் படித்து மறுபடி எழுதிக்கொண்டே இருக்கிறது. கரண்ட் போனால் அந்த வேலை நிற்கும். சேமிக்காத பக்கம் அதோடு போகும்.

பழைய கணினிக்கு இரண்டாம் உயிர்

கணினியின் பாகங்கள் எல்லாமே டொலரில் வருபவை. 2022 மார்ச்சில் டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 300ஐத் தாண்டியபோது கணினி விலையும் அதே வேகத்தில் ஏறியது. தோட்டத் தொழிலாளரின் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 2024இல்தான் 1,350 ரூபா ஆனது. வெளிநாட்டு அலுவலகங்களிலிருந்து கழிக்கப்பட்டு வரும் டெல், எச்பி, லெனோவோ கணினிகளைப் பலர் வாங்குவது அதனால்தான். அது நல்ல தெரிவே. செலவைச் சரியான பாகத்தில் போட வேண்டும், அவ்வளவுதான்.

முதல் பாகம் எஸ்எஸ்டி. நிமிடத்துக்கு 7,200 தடவை சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெக்கன் எடுக்கும். வேண்டிய தரவு தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். தலை நகர இன்னும் 8, 9 மில்லிசெக்கன். ஆக, இங்குமங்குமாகச் சிதறிய தரவை அது செக்கனுக்கு 75, 80 தடவைதான் எடுத்துத் தரும். எஸ்எஸ்டி அதே வேலையை ஏறத்தாழ 0.1 மில்லிசெக்கனில் முடிக்கும். ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோக்கா 1980களில் கண்டுபிடித்த ஃபிளாஷ் நினைவகத்தின் பயன் இது. புரொசசரை மாற்றாமல் இதை மட்டும் மாற்றினாலே பழைய கணினி வேறு இயந்திரமாகிவிடும். எழுதி எழுதித் தேய்ந்துவிடும் என்ற பயம் தேவையில்லை. 300 டெராபைட் வரை எழுதலாம் என்று உத்தரவாதமுள்ள 500 ஜிபி எஸ்எஸ்டியில் நாளுக்கு 20 ஜிபி எழுதினாலும் 40 வருடம் ஆகும்.

அடுத்தது ராம். எட்டு ஜிபி குறைந்த அளவு. ஒரே எட்டு ஜிபி துண்டுக்குப் பதில் இரண்டு நான்கு ஜிபி துண்டுகளை உரிய துளைகளில் போட்டால் பாதை இரட்டிக்கும். டிடிஆர்4-3200 என்றால் ஒரு பாதையில் செக்கனுக்கு 25.6 ஜிபி, இரண்டில் 51.2. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றிலும் வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும். ஒன்று மற்றதில் ஏறாது. வாங்கும் முன் போர்டின் பெயரைப் பார்க்க வேண்டும். 2025 முடிவில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதால் ராம் விலை உலகெங்கும் ஏறியது. மைக்ரோன் நிறுவனம் தன் குருஷல் நுகர்வோர் விற்பனையையே நிறுத்துவதாக அவ்வருட டிசம்பரில் அறிவித்தது. வேலை செய்யும் பழைய ராமைத் தூக்கி வீசாதீர்கள்.

புரொசசர் இப்போதுதான் வருகிறது. இங்கே கவனிக்க வேண்டியது தலைமுறை. இன்டெலின் 6, 7ஆம் தலைமுறைகளுக்கும் 8, 9ஆம் தலைமுறைகளுக்கும் சொக்கெட்டில் 1151 என்ற அதே எண்தான். ஆனால் 8ஆம் தலைமுறை புரொசசர் பழைய போர்டில் உட்காரும், இயங்காது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது இன்டெலில் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது. அதற்கு முந்திய கணினி குறைந்த விலைக்குக் கிடைத்தாலும், லினக்ஸ் போட்டுப் பயன்படுத்தத் தயாரானால் மட்டும் வாங்குங்கள்.

ஈரத்தோடு வாழ்வது

எல்கடுவவின் குளிர் கணினிக்கு நல்லது. விலையுயர்ந்த கூலர் தேவையில்லை; புரொசசரோடு வரும் விசிறி போதும். பகை ஈரம். மூடுபனியில் வாரக்கணக்கில் அணைந்து கிடக்கும் கணினிக்குள் தூசி ஈரத்தை உறிஞ்சி, இணைப்புகளில் கறை படியும். ஓடும் கணினிக்குள் நிலைமை வேறு. 20 பாகை செல்சியஸில் 95 வீத ஈரப்பதமுள்ள காற்று 30 பாகைக்குச் சூடானால் ஈரப்பதம் ஏறத்தாழ 52 வீதமாக இறங்கும். தினமும் சற்று நேரம் ஓடும் கணினி தன்னைத் தானே உலர்த்திக்கொள்கிறது. ஒருநாள் பீப் சத்தத்தோடு திரை இருண்டே இருந்தால், பிளக்கைக் கழற்றிவிட்டு, ராமை எடுத்து, அதன் பொன்னிறப் பற்களை மென்மையான வெள்ளை அழிரப்பரால் தேய்த்துத் துடைத்து மறுபடி போடுங்கள். பலமுறை அதுவே மருந்து. திகதி பழைய வருடத்துக்குப் போய் இணையத்தளங்கள் திறக்க மறுத்தால், போர்டிலுள்ள 3 வோல்ட் காசு பற்றரி தீர்ந்திருக்கும். அதன் விலை சொற்பம்.

பட்டியலை இப்படி எழுதலாம்: எர்த், நல்ல பவர் சப்ளை, யூபிஎஸ், எஸ்எஸ்டி, ராம், கடைசியில் புரொசசர். கணினிக்காகக் காசு சேர்க்கும் ஒவ்வொரு குடும்பமும் முதற்செலவாகத் தகுதியுள்ள மின்பணியாளர் ஒருவரை அழைத்து எர்த்தைச் சோதிக்க வேண்டும். லயங்களைத் திருத்துவோரும், புதிய தோட்ட வீடுகளைக் கட்டுவோரும், பாடசாலைக்குக் கணினி நன்கொடை கொடுப்போரும் அந்தப் பச்சைக் கம்பியைத் தங்கள் கடமையாகவே எடுக்க வேண்டும். ஒரு பிள்ளையின் படிப்புக்காகக் கடன்பட்டு வாங்கிய இயந்திரம் முதல் இடிமழையோடு முடிந்துபோகக் கூடாது.