கப் கொண்டுவராத கோச்சை மாற்றலாமா?

2014 ஏப்ரல் 6ஆம் திகதி இரவு டாக்காவில் இலங்கை அணி இந்தியாவை வென்று இருபது-20 உலகக் கிண்ணத்தை எடுத்தது. தெஹியோவிட்ட பக்கத்துத் தோட்டங்களில் அன்று நள்ளிரவு தாண்டியும் பட்டாசுச் சத்தம் ஓயவில்லை. சங்கக்கார ஆட்டமிழக்காமல் எடுத்த 52 ஓட்டங்களைப் பற்றி மறுநாள் பிரட்டுக்களத்தில் எல்லோரும் பேசினார்கள். அணியின் தலைமைப் பயிற்றுநர் போல் ஃபார்ப்ரேஸ் என்ற ஆங்கிலேயரைப் பற்றி யாரும் பேசவில்லை. அவர் பதவிக்கு வந்து சில மாதங்கள்தான். அதற்குள் மார்ச்சில் ஆசியக் கிண்ணம், ஏப்ரலில் உலகக் கிண்ணம். இனி இந்த மனிதரை நம்மிடமிருந்து யார் அசைக்க முடியும் என்று நினைத்தால், அந்த மாதம் முடிவதற்குள் அவரே இங்கிலாந்தின் உதவிப் பயிற்றுநராகப் போய்விட்டார்.

ஜூன் மாதம் இலங்கை அணி இங்கிலாந்துக்குப் போனபோது ஃபார்ப்ரேஸ் எதிரணியின் அறையில் இருந்தார். ஹெடிங்லி டெஸ்டில் கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் ஷமிந்த எரங்க அண்டர்சனை ஆட்டமிழக்கச் செய்தார். தொடரும் நமக்கே வந்தது. அதைப் பார்த்து எனக்கு உண்டான சந்தோஷம் அவ்வளவு கண்ணியமானது என்று சொல்லமாட்டேன்.

நான் கேகாலை மாவட்டத்தில் இறப்பர் தோட்டத்தை ஒட்டிய ஒரு தமிழ்ப் பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியர். பிள்ளைகளுக்குப் பி.ரி. மாஸ்டர். கப் எடுத்தால் கோச் இருப்பார், எடுக்காவிட்டால் வீட்டுக்குப் போவார் என்ற கணக்கை டீக்கடையிலும் கேட்கிறேன், பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலும் கேட்கிறேன். நம் நாட்டு கிரிக்கெட் அணியின் கதையை வரிசையாக எடுத்துப் பார்த்தால் இந்தக் கணக்கு ஓரிடத்திலும் பொருந்தி வரவில்லை.

1996 மார்ச் 17ஆம் திகதி லாஹூரில் அவுஸ்திரேலியாவை வீழ்த்தி உலகக் கிண்ணம் எடுத்தபோது பயிற்றுநர் டேவ் வட்மோர். கொழும்பில் பிறந்து அவுஸ்திரேலியாவுக்கு விளையாடியவர். கிண்ணம் கையில் இருக்க அவரும் கிளம்பினார். 1999 உலகக் கிண்ணத்தில் நாம் முதல் சுற்றோடு திரும்பி வந்ததும் மறுபடியும் அவரையே கூப்பிட்டார்கள். அவருடைய இரண்டாவது காலத்தில் உலகக் கிண்ணம் வரவில்லை. ஆனாலும் 2003 வரை இருந்தார்.

அதற்குப் பிறகு வந்ததுதான் இறுதிப் போட்டிகளின் காலம். 2007இல் டொம் மூடியின் கீழ் பார்படோஸில் தோற்றோம். 2009இல் லோர்ட்ஸில் பாகிஸ்தானிடமும் 2011இல் மும்பையில் இந்தியாவிடமும் தோற்றபோது ட்ரெவர் பேலிஸ் பயிற்றுநர். 2012இல் நம் வீட்டு முற்றம் போன்ற பிரேமதாச மைதானத்திலேயே மேற்கிந்தியத் தீவுகளிடம் தோற்றோம். அப்போது கிரஹாம் ஃபோர்ட். மஹேலவும் சங்கக்காரவும் இந்த நான்கிலும் விளையாடினார்கள், 2014இலும் விளையாடினார்கள். அப்படியானால் டாக்காவில் வந்த கிண்ணம் யாருடையது? சில மாதமே இருந்த ஃபார்ப்ரேஸுடையதா, அல்லது அந்த அணியை ஆண்டுக்கணக்கில் இறுதிப் போட்டி வரை கொண்டுபோய்ப் பழக்கிவிட்ட மூடி, பேலிஸ், ஃபோர்ட் மூவருடையதா? பாதிக்கு மேல் இந்த மூவருக்குத்தான் போக வேண்டும் என்பது என் கணக்கு. (ஃபார்ப்ரேஸும் முழுக்கப் புதியவரல்ல. பேலிஸுக்குக் கீழே உதவிப் பயிற்றுநராக இருந்தவர். 2009இல் லாஹூரில் நம் அணியின் பஸ்மீது துப்பாக்கிச் சூடு நடந்தபோது காயப்பட்டவர்களில் அவரும் ஒருவர்.)

பேலிஸின் கதை அதோடு முடியவில்லை. நமக்காக இரண்டு இறுதிப் போட்டிகளில் தோற்ற அதே மனிதர் 2019இல் இங்கிலாந்துக்கு உலகக் கிண்ணம் எடுத்துக் கொடுத்தார். எப்படி? நியூசிலாந்தோடு ஆட்டம் சமம். சுப்பர் ஓவரும் சமம். யார் கூடுதலாக பவுண்டரி அடித்தார்கள் என்று எண்ணிப் பார்த்துக் கிண்ணத்தைக் கொடுத்தார்கள். பேலிஸ் 2011இல் இருந்ததைவிட 2019இல் எவ்வளவு நல்ல பயிற்றுநராக மாறியிருந்தார் என்பதை அந்த பவுண்டரிக் கணக்கு சொல்லுமா?

மறுபக்கமும் உண்டு. பேலிஸுக்குப் பிறகு வந்த ஜெஃப் மார்ஷின் காலத்தில், 2011 டிசம்பரில், தென்னாபிரிக்க மண்ணில் இலங்கை தன் முதல் டெஸ்ட் வெற்றியை டேர்பனில் பெற்றது. தொடர் கைக்கு வரவில்லை. அடுத்த மாதமே மார்ஷை அனுப்பிவிட்டார்கள். அவருக்குக் கிடைத்ததும் சில மாதங்கள்தான். கிறிஸ் சில்வர்வுட்டுக்குக் கிடைத்தது வேறு. 2022 செப்டெம்பரில், எரிபொருள் வரிசையில் நாடு நின்ற அந்த வருடத்தில், துபாயில் பாகிஸ்தானை வென்று ஆசியக் கிண்ணம் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு அதே ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் கொழும்பில் 50 ஓட்டங்களுக்குச் சுருண்டோம். இந்தியாவின் சிராஜ் ஒருவரே 6 விக்கெட். உலகக் கிண்ணத்தில் ஒன்பதாவது இடம். அமைச்சர் கிரிக்கெட் சபையைக் கலைத்தார், சர்வதேசச் சபை நம்மை இடைநிறுத்தியது, அத்தனை அமளிக்கும் நடுவே சில்வர்வுட் இருந்தார். 2024 ஜூனில் அவராகத்தான் விலகினார்.

பிறகு வந்த சனத் ஜயசூரியவுக்கு முதலில் கிடைத்தது தற்காலிகப் பதவி. இந்தியாவுக்கு எதிரான ஒருநாள் தொடரை 27 ஆண்டுகளுக்குப் பிறகு வென்றோம். ஓவலில் இங்கிலாந்தை ஒரு டெஸ்டில் வென்றோம். காலியில் நியூசிலாந்தை இரண்டு டெஸ்டிலும் வென்றோம். 2024 ஒக்டோபரில் அவரை 2026 மார்ச் 31 வரை நிரந்தரப் பயிற்றுநராக்கினார்கள். அந்த மூன்று மாதத்தில் கிண்ணம் என்று சொல்ல ஒன்றும் வரவில்லை. அணி நிமிர்ந்துவிட்டது என்பது பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. அது போதுமாக இருந்தது. இந்த விடயத்தில் நம் சபை செய்த புத்தியான காரியங்களில் இதுவும் ஒன்று என்பேன்.

கப் எடுக்காத கோச்சை மாற்றலாமா என்ற கேள்வி மிகக் கொடூரமாகக் கேட்கப்படும் இடம் அமெரிக்கா. அங்கே பல்கலைக்கழக மாணவர்கள் தலைக்கவசம் போட்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி முட்டி மோதும் ஆட்டத்துக்குச் சனிக்கிழமைகளில் ஊரே திரள்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேலானோர் உட்காரலாம். தொலைக்காட்சி உரிமைக்குக் கோடிக்கணக்கில் பணம் புரள்கிறது. பல மாநிலங்களில் அரசு ஊழியர்களில் அதிகச் சம்பளம் வாங்குபவர் ஆளுநரல்லர், மாநிலப் பல்கலைக்கழகத்தின் இந்தக் கோச்தான்.

ஜோர்ஜியா பல்கலைக்கழகத்தில் மார்க் ரிக்ட் 15 பருவங்கள் இருந்தார். 145 வெற்றி, 51 தோல்வி. தேசியப் பட்டம் மட்டும் வரவில்லை. 2015 நவம்பரில் ஒரு சனிக்கிழமை பரம வைரியான ஜோர்ஜியா டெக்கை வென்றார், மறுநாள் ஞாயிறு வேலை போய்விட்டது. அவர் இடத்துக்கு வந்த கேர்பி ஸ்மார்ட் 2021, 2022 பருவங்களில் அடுத்தடுத்து தேசியப் பட்டம் எடுத்தார். அனுப்பியது சரி என்று வாதிடுபவர்கள் இந்த உதாரணத்தைத்தான் சொல்வார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது நெப்ராஸ்கா. 2003இல் ஒன்பது ஆட்டம் வென்று மூன்றில் தோற்ற ஃபிராங்க் சோலிச்சை அங்கே நீக்கினார்கள். பிறகு வந்த போ பெலினியையும் அதே ஒன்பது வெற்றி போதாது என்று 2014இல் நீக்கினார்கள். சோலிச் 1999இல் எடுத்துக் கொடுத்ததுதான் அந்தப் பல்கலைக்கழகம் தன் லீக்கில் கடைசியாகக் கண்ட பட்டம். 2025 ஒக்டோபரில் பென் ஸ்டேட், ஒன்பது மாதத்துக்கு முன்னர் தேசிய அரையிறுதி வரை கொண்டுபோன ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை நீக்கியது. ஒப்பந்தப்படி அவருக்குச் சேர வேண்டிய தொகை கிட்டத்தட்ட 5 கோடி டொலர் என்று செய்திகள் சொல்லின. வேலை செய்யாமல் இருப்பதற்கு ஒரு மனிதருக்கு அவ்வளவு பணம்! எங்கள் தோட்டத்தில் இதைச் சொன்னால் நான் கதை விடுகிறேன் என்பார்கள்.

பணம் கொடுத்து வெற்றியை வாங்க வந்தவர்கள் வெற்றி வராவிட்டால் ஆளை மாற்றுவார்கள். அதில் அநியாயம் இல்லை. ஆனால் அனுப்புவதற்கு முன்னர், வரப்போகிறவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். ஜோர்ஜியாவுக்கும் நெப்ராஸ்காவுக்கும் இடையில் நான் காணும் வித்தியாசம் அவ்வளவுதான்.

எங்கள் கதை வேறு. எங்கள் பாடசாலை உதைபந்து அணியைப் பழக்குபவர் இறப்பர் ஃபெக்டரியில் வேலை செய்கிறார். வேலை முடிந்து பின்னேரம் வருவார். சம்பளம் கிடையாது. மெட்ச் நாளில் பஸ் காசும் பணிசும் பிளேன்டீயும்தான். மைதானம் பிரட்டுக்களத்துக்குக் கீழே ஒரு பக்கம் சரிந்து கிடக்கிறது. கமுக மரத்தில் கோல் கம்பம். பந்தை உயர்த்தி அடித்தால் அது உருண்டு இறப்பர் மலைக்குள் போய் மரத்தில் கட்டிய சிரட்டையைத் தட்டிவிடும். காலையில் பால் எடுத்த பிறகும் சிரட்டையில் சொட்டி உறைவது ஒட்டுப்பாலாகக் காசாகும். கொட்டினால் வொச்சர் சத்தம் போடுவார். அதனால் எங்கள் கோச் ஒரு சட்டம் வைத்தார்: பந்து இடுப்புக்கு மேலே எழும்பக் கூடாது, எழுப்பியவனே மலை இறங்கி எடுத்து வர வேண்டும். அந்தச் சட்டத்தால் எங்கள் பிள்ளைகள் தரையோடு தரையாகப் பந்தைக் கொடுத்து வாங்குவதில் கெட்டிக்காரர்கள். வலயமட்டப் போட்டியில் சமதரையான பெரிய மைதானத்தைக் கண்டதும், நீளமாக அடிக்கத் தெரியாமல் அரையிறுதியில் நின்றுவிடுவார்கள். பூட்ஸ் போட்டுப் பழக்கமில்லாத கால் வேறு. இரண்டாம் பாதியில் கொப்புளம் வந்துவிடும்.

அவருடைய இன்னொரு சட்டம்தான் முக்கியம். அன்றைக்குப் பாடசாலைக்கு வராதவனுக்குப் பின்னேரம் பந்து கிடையாது. எவ்வளவு நல்ல ஃபோர்வர்ட் ஆனாலும் சரி. எங்கள் பகுதியில் சாதாரண தரம் எழுதுவதற்கு முன்னரே பையன்களைக் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். சித்தப்பா புறக்கோட்டையில் இருப்பார், மாமா வெள்ளவத்தையில் இருப்பார், ஒரு போன் போதும். பதினாறு வயதில் ஆட்டம் பிடிபடும் நேரத்தில் அணியில் பாதி காணாமல் போகும். ஒவ்வொரு வருடமும் புதிதாகத் தொடங்கும் ஒரு கோச்சிடம் போய் மாகாணக் கிண்ணம் எங்கே என்று கேட்பதற்கு நல்ல தைரியம் வேண்டும்.

கேட்டார்கள். கடந்த சங்கக் கூட்டத்தில் ஒரு தகப்பனார் எழுந்தார். “சேர், கோவிச்சுக்காதீங்க. அவரு நல்ல மனுசன்தான். ஆனா இத்தனை வருஷமா ஒரு கப்பு வந்திச்சா? கொழும்புல இருந்து ஒரு கோச்ச புடிச்சா என்னா?” நான் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையில் ஒரு தாய் பதில் சொன்னார். “கப்ப வச்சி என்னா செய்ய? எம் மவன் சோதனை எழுதுற வரைக்கும் இஸ்கூல்ல இருந்தான்ல, அது அந்த அண்ணனாலதானே.” கூட்டம் அடுத்த விடயத்துக்குப் போய்விட்டது. தண்ணீர்த் தொட்டி என்று நினைவு.

பள்ளிக்கூடக் கோச்சை எதை வைத்து அளப்பது என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் வேகமாகப் பந்து வீசிக்கொண்டிருந்த ஒரு பையனிடம், நீ சுழற்பந்து போட்டுப் பார் என்று சொன்னவர் அங்கே பயிற்றுநராக இருந்த சுனில் பெர்னாண்டோ. பையனுக்கு அப்போது 14 வயதளவு. தோட்டத்தில் வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவரின் பேரன் அவன். முத்தையா முரளிதரன் 2010இல் காலியில் 800ஆவது விக்கெட்டோடு டெஸ்டிலிருந்து ஓய்வு பெற்றார். அந்தக் கல்லூரி அந்த வருடங்களில் எத்தனை கிண்ணம் எடுத்தது என்று இன்று யார் கேட்கிறார்கள்?

இதையெல்லாம் சொல்வதால் பாடசாலைக் கோச்சை யாரும் தொடக்கூடாது என்று அர்த்தமில்லை. பிறப்புச் சான்றிதழைத் திருத்தி வயது கூடியவனை இறக்குகிறவர், தோற்ற அன்று பிள்ளையின் கன்னத்தில் அறைகிறவர், சொந்தக்காரப் பையனுக்காக நல்ல ஆட்டக்காரனை வெளியில் உட்கார வைக்கிறவர், இவர்கள் தேசியமட்டக் கிண்ணத்தோடு வந்து நின்றாலும் அன்றைக்கே அனுப்ப வேண்டியவர்கள். கிண்ணம் வந்துவிட்டது என்பதற்காக இவர்களைச் சுமந்துகொண்டிருக்கும் பாடசாலைகள் உண்டு. அதைப் பற்றிச் சங்கக் கூட்டங்களில் யாரும் எழுந்து கேட்பதில்லை.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் கோச்சை மாற்றும் பேச்சு வந்தால், முதலில் அதிபரிடம் வரவுப் பதிவேட்டைக் கேளுங்கள். மூன்று வருடத்துக்கு முன்னர் அணியில் இருந்தவர்களில் எத்தனை பேர் சாதாரண தரம் எழுதினார்கள், எத்தனை பேர் உயர்தரத்துக்கு வந்தார்கள் என்று பாருங்கள். அதைப் பார்த்த பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்று தோன்றினால் மாற்றுங்கள். மாற்றுவதற்குள் பிள்ளைகளுக்குப் பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள்.