ஐந்து விழுக்காட்டுக்குப் பின்னால்

மாதிரி எவ்வளவு பெரியதாக இருந்தாலும், கேட்கப்பட்ட கேள்வியை அறியாமல் கிடைத்த விடையைப் படிக்க இயலாது என்பதற்கு அமெரிக்கப் பொதுப் போக்குவரத்துப் புள்ளிவிவரங்கள் தெளிவான சான்று. 2019-இல் அந்நாட்டில் வேலைக்குச் செல்வோரில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரே பேருந்து, ரயில் போன்றவற்றைப் பயன்படுத்தினர் என்கிறது, அங்குள்ள மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பணியகம் ஆண்டுதோறும் நடத்தும் ‘அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே’. நூற்றில் ஐவருக்காக இவ்வளவு செலவா என்ற வாதத்துக்கு இந்த எண் எளிதில் இடம்கொடுக்கிறது. ஆனால் கடந்த வாரம் வேலைக்கு வழக்கமாக எதில் சென்றார் என்பதையே படிவம் கேட்கிறது. பல வாகனங்கள் மாறிச் செல்பவரும் அதிகத் தொலைவு கடந்த ஒன்றை மட்டுமே குறிக்க வேண்டும். ஆகவே வாரத்தில் மூன்று நாள் காரிலும் இரண்டு நாள் ரயிலிலும் செல்பவர் காரில் செல்பவராகவே பதிவாகிறார். கல்லூரிக்கு மட்டும் செல்லும் மாணவரும் மருத்துவமனைக்குச் செல்லும் ஓய்வுபெற்ற முதியவரும் அந்த எண்ணுக்குள் வருவதே இல்லை.

இந்தக் குறையை ஈடுசெய்வது, வண்டிக்குள்ளேயே பயணிகளிடம் நடத்தப்படும் கணக்கெடுப்பு. அத்தகைய பல ஆய்வுகளைத் தொகுத்து அமெரிக்கப் பொதுப் போக்குவரத்துச் சங்கம் 2017-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வேலைக்கான பயணங்கள் மொத்தத்தில் ஏறத்தாழப் பாதியே. எனினும் இம்முறைக்கும் ஒரு சாய்வு உண்டு. வாரம் பத்து முறை பயணம் செய்யும் நூறு பேரும் ஒரே முறை செய்யும் நூறு பேரும் உள்ள ஊரில், மொத்தப் பயணங்கள் 1,100. அவற்றுள் 1,000 முதல் கூட்டத்தாருடையவை. வண்டியில் நின்று கேட்பவருக்கு, ஊரில் சரிபாதியாக உள்ள இரண்டாம் கூட்டத்தார் பதினொருவரில் ஒருவராகவே தென்படுவர். இது பயணங்களின் படமே அன்றி, பயணிகளின் படம் அன்று.

ஏன் பயணம் செய்கிறார்கள் என்ற கேள்வியில் சிக்கல் இன்னும் ஆழமானது. கார் இல்லாதவரைக் ‘கட்டுண்ட பயணி’ என்றும், கார் இருந்தும் பேருந்தில் ஏறுபவரை ‘விருப்பப் பயணி’ என்றும் போக்குவரத்துத் திட்டமிடுவோர் நெடுங்காலம் பிரித்துவந்தனர். இது வசதியான பிரிவினை, நியாயமானது அன்று. நியூயார்க் நகரில் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்களுக்குக் கார் இல்லை. சுரங்க ரயில் இருப்பதால் கார் வேண்டாம் என்று முடிவுசெய்தவரும், வாங்க வழியில்லாதவரும் அங்கே ஒரே கட்டத்தில் அடைக்கப்படுகின்றனர். கார் இல்லாமை சில வேளைகளில் காரணம். சில வேளைகளில் நல்ல ரயில் சேவையின் விளைவு. ஒரே நாளில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பால் இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது. வேலைக்குப் பொதுப் போக்குவரத்தில் செல்லும் அமெரிக்கரில் பத்துக்கு ஏறக்குறைய நால்வர் நியூயார்க் பெருநகர்ப் பகுதியினர் என்பதால், தேசியச் சராசரியாக முன்வைக்கப்படும் பயணியின் வருமானமும் தொழிலும் பெரும்பகுதி அந்த ஒரு நகர்ப் பகுதியின் சாயலையே கொண்டுள்ளன. மணிக்கு ஒரு பேருந்து மட்டும் வரும் சிற்றூரில் காத்து நிற்பவர் அந்தச் சராசரியில் இல்லை.