செகண்ட் ஹேண்ட் ராக்கெட்... புத்தம் புது சாட்டிலைட்!

மைனஸ் 1.992476 என்று அடிக்க வேண்டிய இடத்தில் மைனஸ் 0.1992476 என்று அடித்துவிட்டார் ஓர் இன்ஜினீயர். புள்ளி ஒரே ஒரு இடம் தள்ளி உட்கார்ந்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம்.

1999 ஏப்ரல் 30. அமெரிக்க ராணுவத்தின் 'மில்ஸ்டார்' தகவல் தொடர்பு சாட்டிலைட்டோடு கேப் கனாவரலிலிருந்து கிளம்பியது டைட்டன் ராக்கெட். மேலே போனதும் அதன் கடைசி அடுக்கு தலை சுற்றித் தடுமாற, 36,000 கிலோமீட்டர் உயரத்துக்குப் போக வேண்டிய சரக்கு எதற்கும் உதவாத தாழ்ந்த பாதையில் விழுந்தது. நஷ்டம் நூறு கோடி டாலருக்கு மேல். இன்ஷூரன்ஸா? அமெரிக்க அரசாங்கம் தன் சாட்டிலைட்டுகளுக்கு பாலிசி எடுப்பதில்லை. போனால் போனதுதான்! முந்தின வருஷம்தான் ஓர் உளவு சாட்டிலைட், கிளம்பி ஒரு நிமிஷம்கூட ஆவதற்குள் வெடித்திருந்தது. காரணம், உறை தேய்ந்த ஒரு ஒயர்.

இப்படிச் சூடு கண்ட பூனையிடம் போய், "ஏற்கெனவே பறந்துவிட்டு வந்த ராக்கெட் இருக்கு, சல்லிசா தர்றேன்" என்றால் என்ன சொல்லும்?

"வேண்டாம்ப்பா"தான் சொன்னார்கள். எலான் மஸ்க்கின் ஸ்பேஸ்-எக்ஸ் கம்பெனி, ராக்கெட்டின் அடிப்பகுதியான பூஸ்டரைத் திரும்ப இறக்கி மறுபடி பறக்கவிடுவதில் கெட்டிக்காரர்கள். ஆனால் இறங்குவதற்கென்று கொஞ்சம் எரிபொருளை மிச்சம் வைக்கணும். ஊர் திரும்ப பஸ் காசை முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்கிற மாதிரி. 2018 டிசம்பரில் ஜி.பி.எஸ். சாட்டிலைட்டை ஏற்றிய விமானப்படை, "அந்தக் காசையும் என் சரக்குக்கே செலவு பண்ணு" என்றது. புது பூஸ்டர், ஒரே பயணம், அப்புறம் கடல். பி.காம். பாஷையில் சொன்னால், சில நிமிஷத்தில் நூறு சதவீத டிப்ரிஸியேஷன். வயிறு எரிகிறது சார்!

கணக்கைக் குடைந்து பார்த்த பிறகு, 2020 ஜூனில் ஜி.பி.எஸ். பூஸ்டர் ஒன்றைத் திரும்ப இறங்க அனுமதித்தார்கள். 2021 ஜூனில் ஏற்கெனவே பறந்த ஒரு பூஸ்டரிலேயே இன்னொரு ஜி.பி.எஸ். போனது. இப்படி இரண்டு பயணங்களுக்குப் பழசை ஒப்புக்கொண்டதில் மட்டும் ஐந்து கோடி டாலருக்கு மேல் மிச்சம்.

பெரிய அண்ணன் ஃபால்கன் ஹெவி கதை இன்னும் சுவாரஸ்யம். மூன்று பூஸ்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டி, 27 இன்ஜின்களோடு கிளம்பும். மூன்றையும் தலைமுழுகத் தயார் என்றால் தாழ்ந்த பாதைக்கு 64 டன் வரை தூக்கும். திரும்ப வேண்டுமென்றால் எடை குறையும். எதை மீட்பது, எதைக் கைகழுவுவது? ஒவ்வொரு பயணத்துக்கும் திட்டம் போடுகிறவர்கள் முடி பிய்த்துக்கொள்வது இங்கேதான்.

2022 நவம்பர் 1-ல் போனது 'யூ.எஸ்.எஸ்.எஃப்-44' பயணம். சாதாரண கஸ்டமர் என்றால் பாதி வழியில் இறக்கிவிடலாம். மீதியை சாட்டிலைட் தானே ஏறிக்கொள்ளும். ராணுவமோ, "வாசல்ல இறக்காதே, மாடியில கொண்டு வை" என்கிற ரகம். நேரே 36,000 கிலோமீட்டருக்குக் கொண்டு சேர்க்கணும். அதற்குள் மேல் அடுக்கு மணிக்கணக்கில் குளிரில் மிதக்கணும். அது குடிப்பது ஒரு வகை மண்ணெண்ணெய். அது உறையாமலிருக்க டாங்க்கைச் சுற்றி சாம்பல் நிறப் பெயின்ட் அடித்தார்கள், வெயிலை வாங்கிக்கொள்ளட்டும் என்று! நடு பூஸ்டரைக் கடலுக்குத் தாரை வார்த்துவிட்டு, பக்கத்து இரண்டையும் மீட்டார்கள். அதே ஜோடி 2023 ஜனவரியில் அடுத்த ராணுவச் சரக்கைத் தூக்கியது. அந்த வருஷ டிசம்பரில் எக்ஸ்-37பி என்கிற ரகசிய குட்டி விமானத்தைத் தூக்கியபோது ஜோடிக்கு அது ஐந்தாவது சவாரி.

ஆக, பழசு மேல் பயம் போயாச்சு. புதுக் கவலை, ஒரே கடையில் சாமான் வாங்குவது! போட்டிக் கம்பெனியான யு.எல்.ஏ.வின் வல்கன் ராக்கெட் ராணுவ அனுமதிக்காகக் காத்துக்கிடந்ததால், அதில் போகவேண்டிய ஜி.பி.எஸ். ஒன்றை 2024 டிசம்பரில் ஸ்பேஸ்-எக்ஸே ஏற்றிவிட்டது. மாமூலாக இரண்டு வருஷம் முன்பே திட்டமிடும் வேலை, சில மாசத்தில் முடிந்தது. சாமர்த்தியம்தான். ஆனால் அந்தக் கடை ஷட்டர் மூடினால்? 2025 ஏப்ரலில் 54 பயணங்களைப் பங்கு போட்டார்கள். ஸ்பேஸ்-எக்ஸுக்கு 28, யு.எல்.ஏ.வுக்கு 19, ப்ளூ ஆரிஜினுக்கு 7.

இரண்டே மாசத்தில் அதிபர் டிரம்ப்புக்கும் மஸ்க்குக்கும் குடுமிப்பிடி. ஆட்களை ஏற்றும் 'டிராகன்' கலத்தையே நிறுத்திவிடுவேன் என்று மஸ்க் சீறினார். சில மணி நேரத்தில், "சரி, நிறுத்தல" என்று இறங்கிவந்தார்.