பழைய எஞ்சினின் திணறல்: காரணம் காணும் முறை பற்றிய ஒரு குறிப்பு

மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களை இன்றும் பேணுவோரிடம் நாம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்றுண்டு. நின்ற நிலையில் எஞ்சின் சீராக ஓடும். ஒரே வேகத்திற் செல்லும்போதும் குறையில்லை. ஆயின், முந்திச் செல்லவோ சந்தியைக் கடக்கவோ அக்சிலரேற்றரை மிதித்த கணத்தில் அது திணறி, பின்னரே இழுக்கத் தொடங்கும். எதிரே பஸ் வரும் வீதியில் அந்த ஒரு கணம் அற்பமானதன்று.

ஜெற்றைத் திருகிப் பெற்றோலைக் கூட்டிவிடுவதே இதற்குப் பலர் செய்யும் பரிகாரம். திணறல் குறைவது உண்மையே. ஆனால் நோய் மறைகிறதேயன்றித் தீர்வதில்லை. பெற்றோல் விரயமாகிறது, பிளக்குகளிற் கரி படிகிறது.

பெற்றோலின் ஒரு பங்கு முற்றாக எரிய, நிறைப்படி ஏறத்தாழ 15 பங்கு வளி தேவை. த்ரொட்டில் தட்டுத் திடீரெனத் திறக்கும்போது வளி உடனே பாய்கிறது; கனத்த பெற்றோல் துளிகள் பின்தங்குகின்றன. உட்செல்லும் குழாயின் அமுக்கம் உயர்வதால் ஆவியாதல் குறைந்து, ஒரு பகுதி குழாய்ச் சுவரிலேயே படிகிறது. எனவே கலவை கணநேரம் நலிவடைகிறது. பல காபுரேற்றர்கள் இதனை ஒரு சிறு பம்பினால் ஈடுசெய்கின்றன. மொறிஸ் மைனரின் 948 (1956), 1098 (1962) கன சென்ரிமீற்றர் எஞ்சின்களிற் பொருத்தப்பட்ட எஸ்.யூ. காபுரேற்றரில் அத்தகைய பம்பு இல்லை. அதன் பிஸ்ரன் வளியோட்டத்திற்கேற்ப எழுந்து, தன்னோடிணைந்த கூம்பூசியையும் உயர்த்துகிறது. நடுத்தண்டினுள் இருக்கும் எண்ணெய் அவ்வெழுச்சியைத் தாமதப்படுத்தும். வழி ஒடுங்கியிருக்கும் அக்கணத்தில் ஜெற்றின் மேல் உறிஞ்சல் மிகுந்து, பெற்றோல் கூடுதலாக வரும். சில துளி எண்ணெய் வற்றியமையே முழுத் திணறலுக்கும் காரணமாகலாம்!

ஆகவே முதலில் மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். அதனை மீண்டும் இறக்கும்போது, பொருந்துவதற்குக் கால் அங்குலம் இருக்கையில் எண்ணெயின் எதிர்ப்பு உணரப்படின் மட்டம் சரியானது. எஞ்சினை நிறுத்தி, மூடியைக் கழற்றிய நிலையிற் பிஸ்ரனை உயர்த்தி விட்டால் அது 'டக்' என்ற ஓசையுடன் விழ வேண்டும். இடையில் தங்கின், அழுக்கோ ஜெற்றின் மையம் பிசகியமையோ காரணமாகும்.

கலவையை ஐயுறுவோர் தீப்பொறியை மறந்துவிடுகின்றனர். டிஸ்ரிபியூற்றரின் பக்கத்திலுள்ள வெற்றிட மென்றகடு கிழிந்திருப்பின் அரை மிதிப்பில் திணறல் தோன்றும். அதன் குழாயை வாயால் உறிஞ்சினால் உள்தட்டுச் சற்றே திரும்ப வேண்டும். நாவால் அடைத்தால் அந்நிலையிலேயே நிற்க வேண்டும். இதனினும் விலையுயர்ந்த கருவி இச்சோதனைக்குத் தேவையில்லை. பொயின்ற் இடைவெளி 0.015 அங்குலம். சோக்கைச் சிறிது இழுத்து ஓட்டும்போது திணறல் மறையின் குறை கலவையின் நலிவே. அப்போது உட்குழாய் இணைப்புகளில் வளிக்கசிவு உண்டோ எனவும் நோக்க வேண்டும். மிதித்த கணத்திலன்றி நீண்ட ஏற்றத்திலேயே இழுவை தளர்வதாயின், அது பெற்றோல் போதியளவு வந்து சேராமை, வேறு நோய்.

1990 ஆம் ஆண்டின் பின் வடபகுதியிற் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில், யாழ்ப்பாணத்தில் இக்கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியமை இங்கு கருதத்தக்கது. சிறிதளவு பெற்றோலைக் காபுரேற்றரினுள் விட்டு இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினர். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. எரியாத பகுதி சிலிண்டர்ச் சுவர் வழியே இறங்கி எஞ்சின் எண்ணெயையும் நீர்க்கச் செய்யும். அங்கே திணறல் பழுதன்று, எரிபொருளின் இயல்பு. எது பழுது, எது இயல்பு என்பதைச் செவியால் பிரித்தறிந்த கராஜ் தொழிலாளரின் அறிவு, அவர்களுட் பலர் முதுமையெய்திய இவ்வேளையில், நம் பல்கலைக்கழகங்கள் கேட்டு எழுதிவைக்க வேண்டிய ஒன்றென நாம் கருதுகிறோம்.