எக்செல் தவறாகக் காட்டும் 21 இலக்க எண்

எக்செலைத் திறந்து ஏதாவது ஒரு செல்லில் =2^67-1 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். பிறகு பார்மட் செல்ஸ் சென்று, நம்பர் என்பதைத் தேர்வு செய்து, தசம இடங்களை 0 ஆக்குங்கள். 147573952589676000000 என்று வரும். இது தவறான விடை. இரண்டை எத்தனை முறை பெருக்கினாலும் இரட்டைப்படை எண்தான் கிடைக்கும். அதில் ஒன்றைக் கழித்தால் ஒற்றைப்படை எண் அல்லவா வரவேண்டும்? கடைசியில் பூஜ்யம் எப்படி வந்தது?

எக்செல் ஓர் எண்ணில் முதல் 15 இலக்கங்களை மட்டுமே காட்டும். மீதி இடங்களில் பூஜ்யத்தைப் போட்டுவிடும். (16 இலக்கக் கார்டு எண்களை எக்செலில் டைப் செய்பவர்கள் கவனிக்கவும். கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். முதலிலேயே செல்லை டெக்ஸ்ட் என்று மாற்றிக் கொள்ளுங்கள்.)

விண்டோஸ் கால்குலேட்டரை சயின்டிபிக் நிலைக்கு மாற்றி அதே கணக்கைப் போடுங்கள். 147573952589676412927 என்ற சரியான விடை கிடைக்கும்.

இந்த எண்ணுக்கு ஒரு கதை உண்டு. 1644-ல் பிரெஞ்சுப் பாதிரியார் மெர்சென் இதைப் பகா எண் என்று எழுதி வைத்தார். அதாவது 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத எண். 1876-ல் லூகா என்பவர் இது பகா எண் அல்ல என்று நிரூபித்தார். ஆனால் எந்த எண்ணால் வகுபடும் என்று அவராலும் சொல்ல முடியவில்லை! 1903-ல் நியூயார்க்கில் நடந்த கணிதக் கழகக் கூட்டத்தில் பேராசிரியர் பிராங்க் நெல்சன் கோல் கரும்பலகையில் இதைப் பெருக்கிக் காட்டினார்:

193707721 × 761838257287

ஒரு வார்த்தைகூடப் பேசாமல் எழுதிவிட்டு உட்கார்ந்தார் என்று சொல்வார்கள். நீங்களும் கால்குலேட்டரில் பெருக்கிப் பாருங்கள்.

இதைத் தேட ஒரு குறுக்கு வழி இருக்கிறது. 67 பகா எண் என்பதால், இந்தப் பெரிய எண்ணின் காரணி எதுவானாலும் அதை 134-ஆல் (67-ன் இரு மடங்கு) வகுத்தால் மீதி 1 வரும். எனவே 135, 269, 403 என்று 134 கூட்டிக் கூட்டி முயன்றால் போதும். 1445580-வது முயற்சியில் 193707721 சிக்கிவிடும். வீட்டுக் கம்ப்யூட்டரில் சிறிய புரோகிராம் எழுதினால் ஓரிரு விநாடி வேலை.

அப்படியானால் வங்கித் தளம் பாதுகாப்பானதா என்று கேட்கலாம். முகவரியில் https என்று வரும் தளங்கள் பலவும், தாங்கள் போலி அல்ல என்று காட்ட ஆர்எஸ்ஏ முறையைப் பயன்படுத்துகின்றன. அதில் இரண்டு ரகசியப் பகா எண்களைப் பெருக்கி 617 இலக்க எண் ஒன்றை உருவாக்குகிறார்கள். அதை உடைப்பவர் உங்கள் வங்கியைப் போலவே வேஷம் போடலாம். ஆனால் அங்கே 134 போன்ற குறுக்கு வழி கிடையாது. இந்த வகையில் 250 இலக்க எண் ஒன்று 2020 பிப்ரவரியில் உடைக்கப்பட்டது. ஏராளமான கம்ப்யூட்டர்கள் சேர்ந்து செய்த வேலை அது. ஒரே ஒரு பிராசசர் கோரிடம் விட்டிருந்தால் சுமார் 2700 ஆண்டுகள் ஆகியிருக்கும்.